இடது கால் அளவு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் என் மரமும் நலம். நீங்களும் அண்ணியும் தையல் மெஷினும் நலம்தானே? அண்ணியின் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற விடாதீர்கள்.

நேராகக் காரியத்துக்கு வருகிறேன். எனக்கு எட்டு வெள்ளை விரிப்புகள் வேண்டும். போன வருடத்து அளவேதான். சிவப்பு நூலில் கட்டம் போட மறந்துவிடாதீர்கள். பழைய விரிப்புகள் பூஞ்சை பிடித்துப்போய், சமையற்காரரின் கைப்பிடித் துணிகளாகிவிட்டன.

எதற்கென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். மரத்தடியில் விரித்து, விழுகிற பூவைக் கட்டம் கட்டமாக எண்ணத்தான். எங்கள் ஆய்வு நிலையத்துக்கு எதிரே நிற்கிற பெரிய மரம் ஆறு வருடமாகப் பூத்துக் குலுங்குகிறது, ஒரு காய்கூட வைத்ததில்லை. இதே இன மரங்கள், அதாவது இதன் சொந்தக்காரர்கள், காட்டுக்குள் அரை நாள் நடையில் நிற்கிறார்கள். அங்கே கிளை தாழக் காய்க்கிறது. ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தத்தைச் சுமந்து போகிற பூச்சி எது, அது இங்கே மட்டும் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? இதற்கு விடை கண்டுபிடிக்கத்தான் சம்பளம் வாங்குகிறேன். சமையற்கட்டுப் புகைதான் பூச்சியை விரட்டுகிறது என்பது என் கட்சி. அதனால் இதுவரை சமையற்கட்டை இரண்டு முறை இடம் மாற்ற வைத்தேன். சமையற்காரர் இப்போது மழையில் நூறு அடி நனைந்தபடி பானையைத் தூக்கி வருகிறார். என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது.

இயக்குநர் கடிதம் போட்டிருக்கிறார். இந்தப் பருவம்தான் கடைசியாம். விடை கிடைக்காவிட்டால் அருங்காட்சியகத்துக்குத் திரும்பி, அங்கே பூச்சிப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அந்த அருங்காட்சியகம் உங்கள் கடையிலிருந்து இரண்டே தெரு. இதைப் படிக்கும்போது உங்களுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். மூடிக்கொள்ளுங்கள். நான் கண்டுபிடிக்கத்தான் போகிறேன்.

உங்கள் தங்கை,
வாலு


பிப்ரவரி 24

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மூட்டு வலியும் சுகம். இந்த வீட்டில் ரொம்ப ஆரோக்கியமாக இருப்பது அதுதான்.

எட்டு விரிப்புகளும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. ஏழாவதில் ஒரு கட்டம் கோணலாகிவிட்டது. கல்யாணக் கோட்டு தைக்கக் கொடுத்த ஆள் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார், கை நழுவிவிட்டது. அந்தக் கட்டத்தில் விழுகிற பூவை மட்டும் நீ கொஞ்சம் அனுசரித்து எண்ணிக்கொள்.

உன்னிடம் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் அதே மரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பை முறித்துக்கொண்டு வந்தாயே, அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "இன்னொரு தடவை விழுந்தா, யாரும் கூப்பிட வேணாம், நானே மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துடறேன்." உன் அண்ணிதான் சாட்சி. நான் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன். நீ ஏறாதே என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. விழாமல் இரு. விழுந்தால் மறைக்காமல் சொல்.

மாடி அறையில் கிடந்த துணி மூட்டைகளைக் கீழே இறக்கி வைத்தேன். சும்மாதான்.

உன் அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமோ நலம். நேற்று முப்பது மீட்டர் ஏறினேன். உச்சியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். கீழே நின்ற சமையற்காரர் எறும்பைப்போல் தெரிந்தார், அந்தக் கோபமான எறும்பு அங்கிருந்தும் என்னைப் பார்த்து முறைத்தது.

விரிப்புகள் பிரமாதம். கோணல் கட்டத்துக்கு உங்கள் பெயரையே வைத்திருக்கிறேன். மரத்தடியைத் துடைப்பக்காரம்மாவை வைத்துச் சுத்தமாகப் பெருக்கி, சுற்றிலும் விரித்தாயிற்று. தினமும் காலையில் விழுந்த பூவையெல்லாம் பொறுக்கி, கட்டம் கட்டமாக எண்ணி, அடுப்பில் உலர்த்தி, எடை போடுவேன். ஆறு வருடத்தில், பூக்கிற பருவத்தில் ஒரு நாள் தவறியதில்லை. ஒரு பூவைக்கூட மண்ணில் விட்டதில்லை. என் கணக்கு நோட்டைப் பார்த்த வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் எழுந்து நின்று கை குலுக்கினார் என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மொட்டு விட ஆரம்பித்துவிட்டது. இந்த மரத்துக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது, அண்ணா. முதலில் ஆண் பூக்கள் மட்டும் மலர்ந்து, கூடை கூடையாகக் கொட்டி வீணாகப் போகும். இரண்டு மாதம் கழித்துத்தான் பெண் பூக்கள் மலரும். அப்போது கூடவே மறுபடியும் கொஞ்சம் ஆண் பூ வரும். யாருமே இல்லாத வீட்டில் முன்கூட்டியே ஏன் இத்தனை பந்தி? அதுதான் புரியவில்லை. போன வருடம் ஒரு பெண் பூவுக்குள் ஒரே ஒரு கூன்வண்டு கிடைத்தது. எள்ளளவுதான் இருக்கும், மூக்கு மட்டும் நீளம். வழி தவறி வந்ததா, வேலையாக வந்ததா என்று தெரியவில்லை. குப்பியில் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன், தினமும் அதைக் கேட்கிறேன். வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

துணி மூட்டைகளை மாடிக்கே திரும்ப ஏற்றிவிடுங்கள்.

வாலு


மார்ச் 29

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் சுகம். உன் அண்ணி உன் கடிதத்தை வாசித்துவிட்டு "எறும்பு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

மூட்டைகளைத் திரும்ப ஏற்ற எனக்குத் தெம்பில்லை. அறை காலியாகவே இருக்கட்டும். காற்று நன்றாக வருகிறது. அங்கிருந்து பார்த்தால் அருங்காட்சியகத்துக் கூரை தெரிகிறது. சும்மா சொன்னேன்.

பிஸ்கட்டைக் கீழே இறங்கி வந்தும் தின்னலாம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

மரம் நலம். மழை நலம். சமையற்காரர் நலம், பேசவும் ஆரம்பித்துவிட்டார், ரொம்பப் பேசுகிறார். ஆண் பூக்கள் திறந்துவிட்டன. வாசனை என் ஜன்னல்வரை வருகிறது.

ஒரு சின்ன உதவி. எனக்கு ஒரு பேண்ட் தைத்து அனுப்புங்கள். இடுப்பும் உயரமும் பழைய அளவு. வலது காலின் அடிச்சுற்று, பாட்டம், எப்போதும்போல் பதினாறு அங்குலம். இடது காலை மட்டும் தொடையிலிருந்தே அகலமாக விட்டு, பாட்டம் இருபத்து நான்கு வைத்துவிடுங்கள். வெளிப்பக்கம் இடுப்பிலிருந்து அடிவரை திறந்து மூடுகிற மாதிரி பட்டன் வேண்டும். இந்தப் பக்கம் கருவிகளை உள்ளே கட்டிக்கொள்ள வசதியாக இருக்கும் என்று யோசித்தேன். புது யோசனை. அவசரம் ஒன்றுமில்லை, சீக்கிரம் வந்தால் நல்லது.

அண்ணிக்கு என் அன்பு.

வாலு


மே 4

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தில் மரம் நலம், மழை நலம், சமையற்காரர் நலம். படித்தேன். இங்கே நாங்கள் இருவரும் நலம்.

பதில் போட நாளாகிவிட்டது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற சமயம், கடையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

பேண்ட் அனுப்பியிருக்கிறேன். நீ சொன்ன அளவேதான். இடது காலுக்கு மட்டும் உள்ளே வழவழப்பான துணியில் லைனிங் கொடுத்திருக்கிறேன், சொரசொரப்பான எதன்மேல் உரசினாலும் நூல் பிரியாது. பதினெட்டு பட்டன். பட்டன் துளைக் காஜா எல்லாம் கையால் போட்டேன். மெஷினில் போட்டால் ஒற்றைக் கையால் கழற்றக் கஷ்டம்.

துணி கொஞ்சம் மிச்சமானது. வீணாக்க வேண்டாமே என்று இரண்டு சின்ன மெத்தைகள் தைத்திருக்கிறேன். உள்ளே பஞ்சு, மேலே தடித்த துணி, கட்டிக்கொள்ள நாடா. கக்கத்தில் வைக்கச் சரியாக இருக்கும். எதையும் கக்கத்தில் வைக்கிற வேலை உனக்கு இருக்குமோ இருக்காதோ. இருந்தால் வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. பால் குடி. உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். குடி.

உன் அண்ணன்


மே 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலம் என்று அறிந்து சந்தோஷம். பால் குடிக்கிறேன்.

பேண்ட் அளவெடுத்தாற்போல் இருக்கிறது. மெத்தைகளும் வந்தன. பயன்படுகின்றன.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. உச்சிக்குப் போய் வருவதைக் கொஞ்சம் ஒத்திப்போட்டிருக்கிறேன். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தொலைநோக்கியில் பார்க்கிறேன். இத்தனை வருடம் ஜன்னலை ஏன் சும்மா விட்டுவைத்தேன் என்று என் மேலேயே கோபம் வருகிறது. விரிப்பு வேலையைத் துடைப்பக்காரம்மாவிடம் ஒப்படைத்திருக்கிறேன். "தினமும் காலைல ஒரு பூ விடாம அள்ளிடணும்மா" என்று நூறு முறை சொல்லியாயிற்று. அவரும் ஜன்னலுக்கு நேரே நின்று, எனக்குத் தெரியும்படி, சர்க் சர்க் என்று பெருக்குகிறார். எண்ணிக்கை மட்டும் போன வருடத்தில் பாதிதான் வருகிறது. மரத்துக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை.

இயக்குநர் ஜூன் கடைசியில் வருகிறாராம். வரட்டும். எனக்கு ஒன்றும் பயமில்லை.

கொஞ்சம் பயம்தான்.

வாலு


ஜூன் 2

அண்ணா, அண்ணி,

இரண்டு பேரும் நலமாக இருங்கள், உடனே உட்காருங்கள். கண்டுபிடித்துவிட்டேன்!

முந்தாநாள் மெதுவாக நடந்து மரத்தடிவரை போனேன். முன்பக்கம் கண்ணாடிமாதிரி சுத்தம். மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால், விரிப்புகளின் மேல் கிட்டத்தட்ட இரண்டு மாதத்துப் பூ அப்படியே குவிந்து, கறுத்து, அழுகிக் கிடக்கிறது. உங்கள் சிவப்புக் கட்டம் ஒன்றுகூடத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் காடே அதிர்ந்திருக்கும்.

"என்னம்மா இது? தினமும் பெருக்குறேன்னு சொன்னீங்க?"

"பெருக்கினேனே. உங்க ஜன்னலுக்குத் தெரியுற பக்கம் பூராவும் பெருக்கினேன்."

"இந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் அட்டை கடிக்குதும்மா. நீங்கதான் இங்க வரப்போறதில்லையே."

கையிலிருந்த கோலால் அந்தக் குவியலை ஒரு குத்துக் குத்தினேன். குத்திய இடத்திலிருந்து கூன்வண்டுகள் புறப்பட்டு வந்தன. எள்ளளவு உருவம், நீள மூக்கு. ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். என் குப்பியில் கலையாத மௌனத்தோடு கிடக்கிறதே, அதே இனம். அழுகிய பூவைப் பிரித்தால் உள்ளே புழு, கூட்டுப்புழு, சிறகு காய்கிற இளம் வண்டு. வீடு நிறையக் குடும்பம். வண்டுகள் ஒவ்வொன்றாகப் பறந்து மேலே போயின. மேலே, அதே வாரத்தில், பெண் பூக்கள் திறந்துகொண்டிருக்கின்றன.

புரிகிறதா, அண்ணா? அந்த முதல் பந்தி வீண் இல்லை. மரம் முதலில் ஆண் பூவைக் கீழே கொட்டி வண்டுக் குஞ்சுகளுக்குத் தொட்டில் கட்டுகிறது. அவை வளர்ந்து பறக்கிற நாளில் பெண் பூவைத் திறக்கிறது. காட்டுக்குள்ளே பூவை யாரும் பெருக்குவதில்லை, அதனால் அங்கே காய்க்கிறது. இங்கே ஆறு வருடமாக ஒருத்தி தினமும் காலையில் அந்தத் தொட்டிலையெல்லாம் பொறுக்கி, எண்ணி, அடுப்பில் வைத்து வறுத்திருக்கிறாள். பூச்சி ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தவளே பூச்சியைக் கொன்றிருக்கிறாள். கை குலுக்கினாரே அந்த விஞ்ஞானி, அவர் என்னைப் பிடித்துக் குலுக்கியிருக்க வேண்டும்.

வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் சமையற்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "புகை இல்லீங்களா?" என்றார். "இல்லீங்க." "ரெண்டு தடவை மாத்துனோமே?" "ஆமாங்க." அவர் ஒரு அடுப்புக்கல்லைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு நடந்தார்.

இனி காய் வைத்தால்தான் இது நிரூபணம். மேலே ஏற்கெனவே கட்டியிருக்கும் கப்பியில் கயிறு போட்டு, பெண் பூக்களுக்குப் பக்கத்தில் பசை தடவிய அட்டைகளை ஏற்றியிருக்கிறேன். கயிறு இழுப்பது துடைப்பக்காரம்மா. தண்டனை அதுதான். இன்று இறக்கிய அட்டையில் பதினேழு வண்டு, எல்லாவற்றின் முதுகிலும் மகரந்தம்.

வாலு


ஜூன் 15

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைக் கடையில் வாய்விட்டுப் படித்தேன். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர் கையை விரித்தபடியே கடைசிவரை நின்று கேட்டார்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆறு வருடம், வருடத்துக்கு எட்டு விரிப்பு. எல்லாம் நான் கட்டம் போட்டுத் தைத்தது. அப்படியென்றால் அந்த வண்டுகளைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. உன் அண்ணியிடம் சொன்னேன். "அவளுக்கு மூக்கை நுழைக்க வண்டு, உங்களுக்கு மூக்கை நுழைக்க அவளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மெதுவாக நடந்து போனேன் என்று எழுதியிருந்தாய். கையில் கோல் இருந்தது என்றும் எழுதியிருந்தாய். சரி.

காய் வைக்கும். நீ எழுது.

உன் அண்ணன்


ஜூலை 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த முறை எல்லோரும் நலம், நான் உள்பட. அதை இப்போதுதான் பொய் கலக்காமல் எழுத முடிகிறது.

காய் வைத்துவிட்டது. தொலைநோக்கியில் மூன்று முறை எண்ணினேன். நாற்பத்தொன்று. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன், முட்கள் நிறைந்த அந்த உருண்டைதான். இயக்குநர் வந்தார், மரத்தின் பின்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தார், எழுந்திருக்க மனமில்லாமல் ஒரு மணி நேரம் வண்டுகளைப் பார்த்தார். என்னை இன்னும் ஐந்து வருடம் இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார். சமையற்காரர் பழைய இடத்தில் சமைக்கிறார். சோறு சூடாக வருகிறது.

இப்போது மற்றது. அண்ணா, நான் விழுந்தேன். ஏப்ரல் முதல் தேதி. முப்பது மீட்டர் ஒழுங்காக இறங்கி வந்துவிட்டேன். தரை வந்துவிட்டது என்ற மிதப்பில் கீழே பார்க்காமலே இடுப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றினேன். இன்னும் ஓர் ஆள் உயரம் பாக்கி இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. பதினோரு வாரம் கட்டுப் போட்டிருந்தேன்.

உங்களிடம் சொன்னால் வாக்குப்படி மூட்டையைக் கட்ட வேண்டும். பூ திறக்க நாலே நாள் இருந்தது. அதனால் மறைத்தேன். கருவி கட்டப் பேண்ட் என்று ஒரு பொய் சொன்னேன், அதுவும் ஒரு தையற்காரரிடம். உங்கள் பார்சலைப் பிரித்தபோது சமையற்காரர் பக்கத்தில் இருந்தார். மெத்தைகளை என் ஊன்றுகோல்களின் மேல் வைத்துப் பார்த்தார், அச்சாகப் பொருந்தின. "உங்க அண்ணனுக்கு யாருங்க சொன்னது?" என்றார். "யாரும் சொல்லல. பேண்ட் சொல்லியிருக்கு" என்றேன். அப்புறம் ஓவென்று அழுதேன். கால் முறிந்தபோதுகூட அப்படி அழவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பி வந்திருப்பேன். கேட்கவில்லை. ஏன் என்று இதுவரை எனக்குப் புரியவில்லை.

ஐந்து வருடத்துக்கு இயக்குநரிடம் இன்னும் சரி சொல்லவில்லை. நான் உங்கள் கையைப் பிடித்துச் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. வா என்று ஒரு வரி எழுதுங்கள், வந்துவிடுகிறேன். முணுமுணுக்க மாட்டேன்.

உங்கள் தங்கை,
வாலு


ஆகஸ்ட் 12

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். உன் அண்ணியும் நலம். உன் படத்தை மெஷினுக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்களெல்லாம் அது என்ன என்று கேட்கிறார்கள், அவள்தான் பதில் சொல்கிறாள். என்னைப் பேசவே விடுவதில்லை.

முப்பது வருடமாக ஊராரின் கால்களை அளக்கிறவன் நான். ஒரு காலுக்குப் பாட்டம் பதினாறு, மறுகாலுக்கு இருபத்து நான்கு, இடுப்பிலிருந்து பட்டன் என்று எழுதினால் எனக்கு என்ன தெரியாதா? உன் கடிதம் வந்த அன்றே இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் தங்கை விழுந்துவிட்டாள், மறைக்கிறாள், உடனே அனுப்பிவையுங்கள் என்று. ஒட்டி, தபால்தலையும் வைத்தேன். பெட்டியில் போடப் போய்ப் போய்த் திரும்பி வந்தேன். இரண்டு முறை பையோடு பேருந்து நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நான் வந்திருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பேன், அது எனக்கே தெரியும். சீருடைக் கூட்டம் என்றெல்லாம் எழுதியது பொய். அந்த மூன்று வாரம் நான் ஒரு சட்டைகூடத் தைக்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்கிறாய். கேட்டால் வந்துவிடுவாய், அதனால்தான். நீ இரண்டு தெரு தள்ளி இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கொள்ளை ஆசை. ஆனால் பூ திறக்க நாலு நாள் இருக்கும்போது உன்னை இங்கே கொண்டு வந்து பூச்சிப் பெட்டி துடைக்க வைத்துவிட்டு, தினமும் உன் முகத்தைப் பார்க்க என்னால் முடிந்திருக்காது.

ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான், விட்டுக்கொடுக்க மாட்டேன். விழுந்தாய் அல்லவா? மூட்டையைக் கட்டு. வா. மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஒரு மாதம் இருந்து, உன் அண்ணி வைப்பதைத் தின்று, பால் குடித்து, காலைத் தேற்றிக்கொண்டு, அதன் பிறகு உன் மரத்திடம் போ. இயக்குநருக்குச் சரியென்று எழுதிவிட்டே பேருந்து ஏறு.

விரிப்பு இனிமேல் என்னிடம் கேட்காதே. இந்தப் பார்சலில் மரம் ஏற ஒரு பேண்ட் இருக்கிறது. முழங்காலில் இரட்டைத் துணி. இடுப்பில் கொக்கி மாட்ட வளையம். அதன் மேலே "கீழே பார்" என்று சிவப்பு நூலில் தைத்திருக்கிறேன், கழற்றுமுன் படி. இயக்குநருக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துத்தான் பாக்கெட்டுக்கு மாதிரித் தாள் வெட்டினேன்.

அளவு கேட்டு நான் எழுதவில்லை. இரண்டு காலுக்கும் பதினாறே வைத்துவிட்டேன்.

உன் அண்ணன்